'எக்காள வரலாறு': கிரீனின் ஏளனத் தொடருக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

'Drum and trumpet history' என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இவ்விழையில் பேசிவருகிறோம். ஆங்கில வரலாற்றாசிரியர் ஜான் ரிச்சர்ட் கிரீன் 1874இல் வெளியிட்ட 'ஆங்கில மக்களின் சுருக்க வரலாறு' என்னும் நூலின் முன்னுரையில், தம் நூல் முரசும் எக்காளமும் முழங்கும் வரலாறாகத் தாழ்ந்துவிடக் கூடாது என்று எழுதினார். அத்தொடர் பின்னர் வரலாற்றெழுதியலில் ஒரு கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. அதற்கு இங்கே முன்மொழியப்பட்ட 'போர் வரலாறு' என்பதை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. அது ஒரு துறையின் பெயர். கிரீனின் தொடரோ ஓர் ஏளனம். ஐரோப்பிய நாடுகளின் உண்மையான கதையில் போருக்குச் சிறு பங்கே உண்டு, இங்கிலாந்தில் அது இன்னும் சிறிது என்பது அவர் வாதம். ஆகவே பிரான்சுடன் நடந்த கிரெசிப் போரைவிடக் கவிஞர் சாசருக்கும், அரியணைக்காக நடந்த யார்க், லங்காஸ்டர் குடிகளின் பூசலைவிட அச்சுக்கலையைக் கொண்டுவந்த காக்ஸ்டனுக்கும், ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் பெற்ற வெற்றியைவிட, வறியோருக்கு உதவ வகைசெய்த எலிசபெத் காலத்து ஏழையர் சட்டத்துக்கும் மிகுதியான பக்கங்களை ஒதுக்கியதாக அவரே சொல்கிறார். கிழக்கு லண்டனின் வறிய பகுதியில் பாதிரியாராக இருந்தவருக்கு ஏழையர் சட்டம் பெரிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

'மெய்க்கீர்த்தி வரலாறு' என்ற பரிந்துரை அழகானது. ஆனால் மெய்க்கீர்த்தி மன்னன் தன் கல்வெட்டின் தலைப்பில் பொறித்துக்கொண்ட புகழுரை. கிரீன் சாடியது மன்னர்களின் புகழுரையை அன்று, பிற்காலத்து ஆசிரியர்களின் எழுத்துப் பழக்கத்தை. மற்றொரு பரிந்துரையான பரணி என்பதோ, போரில் வென்றவனைப் பாடும், தனக்கென இலக்கணமுள்ள சிற்றிலக்கியம். அதை இகழ்ச்சிச் சொல்லாக்க எனக்கு மனம் வரவில்லை. 'பறை' வேண்டாம் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன், ஏனெனில் அந்தக் கருவியின் பெயரை ஏளனத்துக்குப் பயன்படுத்தினால் நம் சூழலில் அது வேறு யாரையோ குத்தும்.

என் பரிந்துரை 'எக்காள வரலாறு'. எக்காளம் ஊதுகருவியின் பெயர். எக்காளமிடுதல் என்றால் வென்றவன் செருக்கோடு ஆரவாரிப்பது. கருவியும் ஏளனமும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால் தனி விளக்கம் தேவைப்படாது. முரசு விட்டுப்போகிறதே என்று கேட்கலாம். 'முரசு எக்காள வரலாறு' முழுமையானதுதான், ஆனால் அதிலிருந்து பெயரடையும் ஆட்பெயரும் ஆக்குவது கடினம். 'எக்காள வரலாற்றாளர்' நாவில் எளிதாகப் புரள்கிறது.

எதிர்ச்சொல்லாக 'மக்கள் வரலாறு' போதும். பொதுவாசகருக்காக எளிய நடையில் எழுதப்படுவதையும் சிலர் அப்பெயரால் குறிக்கிறார்கள்; அதனை 'பொதுவாசக வரலாறு' என்று பிரித்துவிடலாம். கிரீனின் நூல் இரண்டு வகையிலும் அடங்குவதால்தான் இக்குழப்பம் இவ்விழையில் திரும்பத் திரும்ப வந்தது.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: "எக்காள வரலாற்றை வெறுத்த கிரீனும், தம் நூலின் ஓர் இயலுக்கு 'மூன்று எட்வர்டுகள்' என்று அரசர்களின் பெயரையே தலைப்பாக வைத்தார்." எனக்கு நிற்பதாகவே படுகிறது, இடறுகிற இடம் இருந்தால் சுட்டுங்கள்.