ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) போட்டால் டியூபில் நொதி நின்றுவிடுகிறது, பால் பிளேட்டில் வளையம் பெரிதாகிறது. எதை நம்புவது?

பால்தட்டு:

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். மண்ணிலிருந்து பிரித்த பேசில்லஸ், 16எஸ் மரபணு வரிசைப்படி பேசில்லஸ் சப்டிலிஸ். கல்ச்சரைச் சுழற்றி, மேலே நிற்கும் திரவத்தை அம்மோனியம் சல்ஃபேட்டில் படியவைத்து, பாஸ்பேட் பஃபரில் இரவு முழுக்க டயாலிசிஸ் (சவ்வுப் பையில் வைத்து உப்பை நீக்குவது) செய்கிறேன். இந்தப் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) செரீன் என்ற அமினோ அமிலத்தால் வெட்டும் வகையா, உலோகத்தால் வெட்டும் வகையா (மெட்டாலோ) என்று சொல்லியாக வேண்டும்.

அசோகேசீன் (நொதி வெட்டினால் நிறம் விடும் சாயமேற்றிய பால் புரதம்) வைத்து டியூபில் பார்த்தால், 10 மில்லிமோலார் ஈடிடிஏயில் ஒரு மணி நேரம் வைத்த சாம்பிளில் நிறமே வரவில்லை. செரீன் வகையை முடக்கும் பிஎம்எஸ்எஃப் போட்டதில் பாதிக்கு மேல் செயல்பாடு அப்படியே இருக்கிறது. சரி, துத்தநாகம் உள்ள மெட்டாலோ புரோட்டியேஸ்தான் என்று நினைத்தேன். ஆனால் ஈடிடிஏ கலந்த அதே சாம்பிளைப் பால் அகாரில் வெல் (சிறு குழி) போட்டு விட்டால் தெளிந்த வளையம் வழக்கத்தைவிடப் பெரிதாக வருகிறது!

இன்னும் இரண்டு தலைவலி. டயாலிசிஸ் முடிந்ததும் செயல்பாடு பாதியாகிவிடுகிறது. புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் பட்டையே இல்லை, அடியில் ஒரு கறை மட்டும். கைடோ "ஈடிடிஏ நிறுத்துதுல்ல, மெட்டாலோன்னு எழுதிட்டுப் போ" என்கிறார். எழுதலாமா?

நொதிக்காரர்:

எழுதாதீர்கள், வைவாவில் மாட்டுவீர்கள்.

பிளேட்டை முதலில் முடித்துவிடுவோம். பாலின் வெள்ளை நிறம் கேசீன் மைசெல்களால் (பால் புரதத்தின் நுண்ணுருண்டைகளால்) வருவது. அந்த மைசெல்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம் பாஸ்பேட். ஈடிடிஏ கால்சியத்தைப் பிடுங்கினால் மைசெல் உடைந்து பால் தானாகவே தெளிந்துவிடும். நொதிக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு வெல்லில் வெறும் ஈடிடிஏ மட்டும் விட்டுப் பாருங்கள்.

இப்போது டியூபுக்கு வருவோம். ஈடிடிஏ துத்தநாகத்தை மட்டும் தேடிப் போகாது, கால்சியத்தையும் சேர்த்து அள்ளும். சப்டிலிஸ் வெளியே விடும் புரோட்டியேஸ்களில் பெரிய பங்கு இரண்டுக்குத்தான்: சப்டிலிசின், நியூட்ரல் புரோட்டியேஸ். இரண்டிலும் உலோகம் உண்டு, ஆனால் செய்யும் வேலை வேறு.

சப்டிலிசினில் 275 அமினோ அமிலங்கள். வெட்டுவது ஆஸ்பார்ட்டிக்-32, ஹிஸ்டிடின்-64, செரீன்-221 என்ற மூன்றும் சேர்ந்து. ஹிஸ்டிடின் புரோட்டானை வாங்கிக்கொள்ள, செரீனின் ஆக்சிஜன் பெப்டைடு பிணைப்பின் கார்பனைத் தாக்குகிறது. அப்போது உருவாகும் எதிர்மின் ஆக்சிஜனை ஆஸ்பரஜீன்-155 தாங்கிக்கொள்கிறது. இதில் எங்குமே உலோகம் கிடையாது. கால்சியம் உட்கார்ந்திருப்பது செயல்மையத்திலிருந்து தள்ளி, 75 முதல் 83 வரையான வளைவுக்குப் பக்கத்தில். இந்த நொதியில் சிஸ்டீனே இல்லை, அதனால் டைசல்ஃபைடு கட்டும் இல்லை. உருவம் குலையாமல் இருக்கக் கால்சியத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. கால்சியம் போனால் மூலக்கூறு தளர்ந்து விரியும், விரிந்ததைப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு சப்டிலிசின் வெட்டித் தின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நமக்குத் தெரிவது பூஜ்யம்.

கத்தரிக்கோலில் திருகாணியைக் கழற்றினாலும் துணி வெட்டாது. அதற்காகத் திருகாணிதான் வெட்டுகிறது என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு நேரடிச் சான்றும் இருக்கிறது. 1990களில் அந்த 75–83 வளைவையே வெட்டி எடுத்துவிட்டு, மற்ற இடங்களில் மாற்றங்கள் செய்து உருவத்தை உறுதியாக்கினார்கள். அந்தச் சப்டிலிசின் ஈடிடிஏ இருக்கும்போதும் தாக்குப்பிடித்து வேலை செய்தது.

நியூட்ரல் புரோட்டியேஸ் தெர்மோலைசின் குடும்பம். அங்கே கதை வேறு. தெர்மோலைசினில் ஹிஸ்டிடின்-142, ஹிஸ்டிடின்-146, குளூட்டாமிக்-166 மூன்றும் ஒரு துத்தநாக அயனியைப் பிடித்திருக்கின்றன. அதில் ஒட்டிய நீர் மூலக்கூறை குளூட்டாமிக்-143 தூண்டிவிட, அந்த நீரே பிணைப்பைத் தாக்குகிறது. துத்தநாகம் இல்லையென்றால் வெட்டு இல்லை. தெர்மோலைசினிலும் தாங்கிப் பிடிக்க நான்கு கால்சியம் தனியாக உண்டு, அது குழப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் உதவி!

ஆக, ஈடிடிஏ இரண்டையும் நிறுத்தும். உங்கள் சாம்பிளில் இரண்டுமே இருக்கும் என்பது என் சந்தேகம். 1,10-ஃபினான்த்ரோலின் கிடைக்குமா? அது துத்தநாகத்தை இறுக்கிப் பிடிக்கும், கால்சியத்தைப் பெரிதாகத் தொடாது. அதைத் தனியாக, பிஎம்எஸ்எஃப்பைத் தனியாக, இரண்டையும் சேர்த்து என்று மூன்று டியூப் போடுங்கள். எல்லாவற்றிலும் 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, டிரிஸ் பஃபர். பாஸ்பேட்டை விட்டுவிடுங்கள், அது கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். டயாலிசிஸில் பாதி போவதற்கும் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

பிஎம்எஸ்எஃப் எதில் கரைத்தீர்கள், எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?

பால்தட்டு:

ஐசோபுரொப்பனாலில் ஸ்டாக். அதை பஃபரில் கலந்து காலையில் வைத்துவிட்டு, மதியம் நொதியில் சேர்த்தேன். சேர்த்த உடனே கேசீனும் போட்டேன்.

நொதிக்காரர்:

பாதி விடை இதிலேயே இருக்கிறது. பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சிதையும். பிஹெச் 8, 25 டிகிரியில் அதன் அரைவாழ்வு சுமார் 35 நிமிடம்தான். மதியத்துக்குள் மிச்சம் என்ன இருந்திருக்கும்? ஸ்டாக்கிலிருந்து நேராக நொதியில் 1 மில்லிமோலார் வருமாறு சேர்த்து, அரை மணி நேரம் வைத்து, அப்புறம் கேசீன் போடுங்கள். செரீனோடு கோவேலன்ட் பிணைப்பு உருவாக நேரம் வேண்டும். நச்சுப்பொருள், கையுறை மறக்காதீர்கள்.

ஜெல்ராணி:

ஜெல் விஷயம் நான் சொல்கிறேன் தங்கச்சி. எஸ்டிஎஸ் (புரதத்தை விரிக்கும் சோப்புப் பொருள்) பஃபரில் கலந்து மெதுவாகச் சூடாக்கினால், எல்லா மூலக்கூறும் ஒரே நொடியில் சாகாது. விரிந்தவற்றை விரியாதவை வெட்டித் தள்ளும். அடியில் தெரியும் கறை அந்தத் துண்டுகள்தான். டிசிஏ (ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம்) போட்டுப் படியவையுங்கள், எல்லாம் ஐஸில். குளிர்ந்த அசிட்டோனில் கழுவி அமிலத்தைப் போக்கிய பிறகே சாம்பிள் பஃபர் சேர்த்து, நேராகக் கொதிக்கும் நீரில் வையுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் சாயம் மஞ்சளாகும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். சப்டிலிசின் 27–30 கிலோ டால்டன் பக்கம் வரும், நியூட்ரல் அதற்குச் சற்று மேலே.

சலவைக்கணக்கு:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். டிடர்ஜென்ட் ஃபார்முலேஷன் பக்கம் வேலை. எங்களுக்கும் இதே தொல்லைதான்: கடின நீரை மென்மையாக்கப் போடும் பொருட்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் சப்டிலிசின் தள்ளாடும். போதாததற்கு ப்ளீச். செரீன்-221க்கு ஒட்டினாற்போல் இருக்கும் மெத்தியோனின்-222 பெராக்சைடில் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நொதி படுத்துவிடும். அந்த இடத்தில் அலனைனோ செரீனோ வைத்தால் தாங்குகிறது என்று 1985இலேயே வெளியிட்டுவிட்டார்கள். புரதத்தை வேண்டியபடி மாற்றி வடிவமைக்கலாம் என்று தொழில்துறைக்கு நம்பிக்கை வந்த ஆரம்ப உதாரணங்களில் இது ஒன்று.

பால்தட்டு:

முடிவு வந்துவிட்டது. வெறும் ஈடிடிஏ வெல்லைச் சுற்றி அழகான வளையம், நொதி துளிகூட இல்லாமல்! புதிதாகச் சேர்த்த பிஎம்எஸ்எஃப்பில் செயல்பாடு நன்றாகவே இறங்கியது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. ஃபினான்த்ரோலின் மட்டும் போட்டால் கொஞ்சம்தான் குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றுமே இல்லை. டிரிஸ், கால்சியத்தில் டயாலிசிஸ் செய்தது அப்படியே நிற்கிறது. ஜெல்லில் இரண்டு பட்டை, கீழே இருப்பது தடிமன்.

கைடிடம் காட்டினேன். "அப்போ ரெண்டையும் தனித்தனியா அளந்து காட்டு" என்கிறார். பிரிக்காமல் அளக்க வழி உண்டா?

நொதிக்காரர்:

உண்டு. அலனைன்-அலனைன்-புரோலைன்-ஃபினைல்அலனைன், அதன் கடைசியில் பாரா நைட்ரோஅனிலின் ஒட்டிய செயற்கைப் பொருள் கிடைக்கும். சப்டிலிசின் பெரிய, நீர்விலக்கும் அமினோ அமிலத்துக்குப் பின்பக்கம் வெட்டும், அதனால் மஞ்சள் நிறம் விடுபடும். 410 நானோமீட்டரில் படிக்கலாம். தெர்மோலைசின் வகை அப்படிப்பட்ட அமினோ அமிலத்துக்கு முன்பக்கம் வெட்டுவது, மஞ்சளை விடுவிக்காது. நியூட்ரலுக்கு, புதிய பிஎம்எஸ்எஃப்பில் வைத்த சாம்பிளில் மிஞ்சும் அசோகேசீன் செயல்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

துத்தநாகம் என்று உறுதியாகச் சொல்ல, ஃபினான்த்ரோலினை டயாலிசிஸில் நீக்கிவிட்டு, மைக்ரோமோலார் அளவில் துத்தநாகம் சேர்த்துச் செயல்பாடு திரும்புகிறதா பாருங்கள். கை தாராளமாகப் போடாதீர்கள், துத்தநாகம் அதிகமானால் அதுவே நொதியைத் தடுக்கும். ஃபினான்த்ரோலின் எத்தனாலில் கரைத்தது என்றால், அதே அளவு எத்தனால் மட்டும் சேர்த்த ஒரு டியூபும் வையுங்கள். ஐசோபுரொப்பனாலுக்கும் அப்படியே.