உலகத்தின் டேட்டா இத்தனை ஜெட்டாபைட் என்கிறார்களே, யார் எண்ணினது?

அரைகுறைபைட்:
2018ல் உலகத்தில் 33 ஜெட்டாபைட் டேட்டா உருவானது, 2025ல் அது 175 ஆகிவிடும் என்று ஐடிசி என்கிற சந்தை ஆய்வு நிறுவனம் கணித்ததைத்தான் பார்க்கிற இடமெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜெட்டா என்றால் 1க்குப் பின்னால் 21 சைபர், அது சரி. ஆனால் என் போனுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் வந்து கேட்கவே இல்லையே? 1 டிபி ஹார்டு டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்கிறது. ஒரு டிஸ்க்குக்கே கணக்கு இடிக்கும்போது உலகத்துக்கு எப்படி?

பழையபிளாப்பி:
டிஸ்க்கில் எதுவும் குறையவில்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி லட்சம் கோடி பைட்டை 1 டிபி என்கிறார், விண்டோஸ் அதே பைட்டுகளை 1024ஆல் வகுத்துக்கொண்டே போய்விட்டு ஜிபி என்றே பெயர் போடுகிறது. இந்தக் குழப்பத்துக்காகவே 1998ல் 1024 கணக்குக்கு கிபிபைட், ஜிபிபைட் என்று தனிப் பெயர் வைத்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை (ஜிபி, ஜிபிபைட், சொல்லிப் பாருங்கள், ஏன் என்று தெரியும்). கிலோவில் 2.4 சதவீதமாக இருக்கிற வித்தியாசம் டெராவில் 10, ஜெட்டாவில் 18 சதவீதம் ஆகிவிடும்.

சும்மாஒருவன்:
முதல் கேள்விக்கு வருகிறேன். யாரும் எண்ணவில்லை, அது மதிப்பீடு. எத்தனை போன், கேமரா, சென்சார், சர்வர் புழக்கத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றும் சராசரியாக எவ்வளவு டேட்டா உண்டாக்கும், அதற்கு எத்தனை நகல் எடுக்கப்படும் என்று பெருக்கிக் கூட்டுவதுதான். முக்கியமாக, அது *உருவான* டேட்டா, *சேமித்த* டேட்டா இல்லை. வீடியோ காலில் பேசி முடித்ததும் காற்றோடு போனதும் அதில் சேர்த்தி, ஒரே படத்தை ஆயிரம் பேர் ஸ்ட்ரீம் செய்தால் ஆயிரம் நகலும் சேர்த்தி. 2020க்கு ஐடிசி சொன்ன 64.2 ஜெட்டாபைட்டில் அடுத்த வருஷத்துக்கு மிஞ்சியது 2 சதவீதத்துக்கும் குறைவு என்று அவர்களேதான் சொன்னார்கள். அந்த வரியை மட்டும் யாரும் பகிர்வதில்லை!

சேமிப்பைக் கணக்குப் போட்டவர்களும் உண்டு. ஹில்பர்ட், லோபஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புத்தகம், கேசட், டிஸ்க் என்று 60 வகைத் தொழில்நுட்பங்களை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் முடிந்தவரை சுருக்கி வைத்ததாக வைத்துக்கொண்டால் 2007ல் உலகத்தால் 295 எக்ஸாபைட் (ஆயிரம் எக்ஸா ஒரு ஜெட்டா) சேமிக்க முடியும் என்று 2011ல் எழுதினார்கள். அது கொள்ளளவுதான், நிரம்பியதா என்பது வேறு.

அரைகுறைபைட்:
அப்படியென்றால் குழாயில் ஓடின தண்ணீரையும் தொட்டியில் நிற்கிற தண்ணீரையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சரி, ஜெட்டாவும் போதவில்லை என்றால்?

பழையபிளாப்பி:
அதற்கு மேல் யோட்டா, 1991லிருந்தே இருக்கிறது. 2022ல் ரோன்னா, குவெட்டா என்று இன்னும் இரண்டு சேர்த்தார்கள். பிராண்டோபைட் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது அதிகாரபூர்வமாக எப்போதுமே இருந்ததில்லை.