புதுப்பிப்பு: ஃபென்வே பார்க்கையும் பார்த்துவிட்டோம்

சிகாகோ ரிக்லி ஃபீல்டுக்கு ஈடான பேஸ்பால் மைதானம் கிடையாது என்று போன மாதம் இங்கே அடித்துச் சொல்லியிருந்தேன். அதில் பாதி வாபஸ். சனிக்கிழமை தம்பி குடும்பத்தோடு பாஸ்டனின் ஃபென்வே பார்க்குக்குப் போய்வந்தோம். 1912இல் திறந்தது, ரிக்லிக்கு இரண்டு வயது மூப்பு. இடப்பக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர். பந்து அதில் ‘டொம்’மென்று மோதித் திரும்பியபோது தம்பி மகளின் பாப்கார்ன் பாதி என் மடியில்! ரிக்லியில் சுவரை மூடிய ஐவிக் கொடிக்குள் பந்து சிக்கினால் அடித்தவருக்கு, ரன்னுக்காக ஓடித் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் (தளங்களில்) இரண்டுதான். அந்த விநோதத்தை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஃபென்வேயின் வலப்பக்கப் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒற்றைச் சிவப்பு நாற்காலி இருக்கிறது: 1946இல் பாஸ்டன் அணி வீரர் டெட் வில்லியம்ஸ் 502 அடி தூரம் அடித்த பந்து விழுந்த இடம். அதைப் படமெடுத்தே அப்பா இரண்டு இன்னிங்ஸைத் தவறவிட்டார்.