புதுப்பிப்பு: வளைந்த கேரட், வேகாத பீன்ஸ்

இயற்கை முறையில் விளைந்த கேரட் இரண்டே நாளில் ரப்பர்போல் வளைகிறது, பருவச் சமையல் புத்தகம் சொன்ன நேரத்தில் பீன்ஸ் வேகவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன்.

கேரட் விவகாரம் தீர்ந்தது. தவறு என்னுடையதுதான். பார்க்க அழகாக இருக்கிறதே என்று தழையோடு வைத்திருந்தேன். அது கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்குமாம். இப்போது வந்ததும் தழையை நறுக்கிவிட்டு, கிழங்கை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். பத்தாம் நாளும் ஒடித்தால் ‘டக்’கென்கிறது.

பீன்ஸ்? பருவக் கடைசியில் கிடைத்த முற்றல். புத்தகம் பிஞ்சை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறது. கடிகாரத்தை விட்டுவிட்டேன், நகத்தால் கீறிப் பார்க்கிறேன். தக்காளியையும் கடைசியில்தான் சேர்க்கிறேன். புளிப்பு பட்டால் காய் வேகத் தாமதமாகும்.

கீரைதான் இன்னும் நிறம் மங்குகிறது. அடுத்த முறை மூடாமல் வதக்க வேண்டும்.