பூட்டிய சைக்கிளைப் பறிகொடுத்தவர்கள், பறிபோவதைப் பார்த்தவர்கள் - யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு நடந்தது என்ன?

கொக்குவில்காரன்
போன மாசியில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு கடை வாசல். சைக்கிள்கள் ஹாண்டிலோடு ஹாண்டில் கொழுவிக்கொண்டு நெருக்கமாக நின்றன. நான் என்னுடையதை எடுக்கிறேன், பக்கத்தில் ஒருவர் ஒரு லேடீஸ் சைக்கிளைக் கரியரில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், அயர்ன் பண்ணிய சேட்டு. பின்சில்லுப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. "தம்பி, திறப்பைத் துலைச்சுப்போட்டன், ஒருக்கா ஹாண்டிலைப் பிடியுங்கோ" என்றார். பிடித்தேன். கானுக்கு மேலால் தூக்கி வைக்கவும் உதவினேன். கரியரை ஒரு கையால் தூக்கி, முன்சில்லை மட்டும் உருட்டிக்கொண்டு போனார். திறப்புத் தொலைந்தால் நாங்கள் எல்லாரும் அப்படித்தானே சைக்கிள் கடைக்குக் கொண்டுபோகிறோம்?

ஐந்து நிமிடம் இராது. உயர்தரம் படிக்கிற வயதில் ஒரு பிள்ளை திறப்போடு வந்து நின்றது. திறப்பில் சிவப்பு நூல் குஞ்சம். அதை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, நின்ற சைக்கிள்களை இரண்டு தரம் எண்ணியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சுன்னாகம்77
எனக்கு 2022 ஆடி. பெற்றோலுக்குக் கியூ நின்று களைத்துப்போய், கைமாற்று வாங்கி எடுத்த லுமாலா சைக்கிள். பதினொரு நாள்தான் ஓடினேன். வயர் பூட்டுப் போட்டு வேலியோடு கட்டியிருந்தேன். திரும்பி வரும்போது பூட்டு மட்டும் நிலத்தில் கிடந்தது, புடலங்காய் வெட்டின மாதிரி ஒரே வெட்டு. அந்தத் துண்டை இன்னும் லாச்சியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியாது.

வடமராட்சி அண்ணை
கொக்குவில்காரன் தம்பி, கோபிக்க வேண்டாம். "யாருடைய சைக்கிள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணில் காணாத காலத்தில் முழுக் குடும்பத்தையும் சைக்கிளில்தான் ஏற்றித் திரிந்தோம். அடுத்தவன் சைக்கிளைத் தொட்டாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது ஒருவரும் பார்ப்பதில்லை.

நல்லூரடி
அண்ணை, அதுக்காகத் தம்பியைக் குற்றம் சொல்ல ஏலாது. உதவி கேட்டவருக்குக் கை கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் கேட்பது பற்றி நீங்கள் சொன்னது சரி. நல்லூர்க் கோயில் திருவிழா 25 நாளும் எங்கள் வளவில் சைக்கிள் விடுவார்கள். சீற்றில் சோக்கால் இலக்கம், கையில் அதே இலக்கத் துண்டு. அம்மாதான் படலையில் இருப்பா. துண்டைத் தொலைத்தவர் கெஞ்சினாலும், "மோனை, பெல்லிலை என்ன நிறம், கூடையிலை என்ன கிடக்கு, சொல்லு பாப்பம்" என்று கேட்காமல் விடமாட்டா. ஒரு சைக்கிளும் மாறிப் போனதில்லை. பாதிச் சைக்கிள் பூட்டாமலே நிற்கும்.

சில்லுக்கம்பி
என்னுடைய கதை சின்னது: டியூசன் வாசலில் முன்சில்லை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், மிச்சத்தைத் தோளில் வைத்து வீட்டுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு சைக்கிள் கடையில் 16 வருடம் வேலை செய்தவன் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். பின்சில்லுப் பூட்டு, சைக்கிளை ஓடவிடாமல் மட்டும்தான் தடுக்கும், தூக்குவதைத் தடுக்காது. மெல்லிய வயர் பூட்டுக்குள் இருப்பது நூல் நூலான கம்பி, வயர் வெட்டுகிற குறடு போதும். தடித்த சங்கிலியோ யூ வடிவப் பூட்டோ எடுங்கள். முன்சில்லில் மட்டும் போட்டால் எனக்கு நடந்தது தலைகீழாக நடக்கும், சில்லு உங்களுக்கு, சைக்கிள் அவனுக்கு. பிரேமையும் பின்சில்லையும் சேர்த்து, அசையாத ஒன்றோடு கட்ட வேண்டும். தனியாக நிற்கிற கட்டைக் கம்பம் வேண்டாம், மேலால் தூக்கி எடுத்துவிடலாம். சங்கிலி நிலத்தில் படக்கூடாது. நிலத்தில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் உடைக்கலாம், அந்தரத்தில் தொங்கினால் அடி விழாது. திறப்புத் துவாரம் கீழ்ப்பக்கம் பார்க்கட்டும், மழைத்தண்ணியும் இறங்காது. அப்புறம் பிரேம் இலக்கம். பெடல் அச்சுக்கு அடியில், அல்லது சீற் குழாயில் குத்தியிருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் தெரியும். இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், முறைப்பாடு கொடுக்கப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சுன்னாகம்77
என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். நிறத்தைத்தான் சொன்னேன். கறுப்பு.

ஊர்க்குருவி
அந்தப் பிள்ளைக்குச் சைக்கிள் கிடைத்ததா? அதை ஒருவரும் கேட்கவில்லையே.

கொக்குவில்காரன்
இல்லை அக்கா. அன்றைக்கே பொலிசுக்கு அவர்களோடு போய் ஆளின் அடையாளம் சொன்னேன். தகப்பன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது.

அண்ணை சொன்னது சரிதான், இப்போது கேட்கிறேன். போன கிழமை இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் ஒரு பெடியன் பின்சில்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். மறித்து, "தம்பி, உங்கட சைக்கிளோ?" என்றேன். முகம் சுருங்கிப்போனது. பொக்கற்றில் இருந்து எடுத்துக் காட்டினான், பாதித் திறப்பு. மற்றப் பாதி பூட்டுக்குள் முறிந்து நின்றது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடை வரைக்கும் கரியரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.