ஏஎம்வி போட்டி விதிகள்: ‘அனிமே இசைப்பு’ சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்,

ஏஎம்வி (அனிமே மியூசிக் வீடியோ) என்பது ஜப்பானிய அசைபடமான (அனிமேஷன்) அனிமேயின் காட்சிகளை வெட்டி, ஒரு பாட்டோடு சேர்த்து ரசிகர்கள் செய்யும் காணொளி. அதற்கான போட்டி விதிகளைத் தமிழில் எழுத இந்த இழையில் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘ஏஎம்வி’க்கு முன்பு வந்த பரிந்துரை இது:

> ‘அசைபட இசைக் காணொளி’ என்றே வைத்துவிடலாம், சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது, ஆனால் போட்டி விதிக்குள் வைத்துப் பார்த்தால் நிற்காது. சாகே அண்ட் ஆஸ்கா இரட்டையரின் பாட்டுக்காக ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 1995இல் இயக்கிய ‘ஆன் யுவர் மார்க்’ இருக்கிறதே, அது அவருடைய ஜிப்லி ஸ்டூடியோவே வரைந்த அசைபடம், ஒரு பாட்டுக்கான காணொளி, இந்தப் பெயர் அதற்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் அதை யாரும் ஏஎம்வி என்று சொல்ல மாட்டார்கள். ஏஎம்வி ரசிகர் செய்வது. அதில் வரும் படம் அவர் வரைந்ததில்லை, பாட்டும் அவர் பாடியதில்லை. 1982இல் ஜிம் கபோஸ்டாஸ் என்ற அமெரிக்க ரசிகர் இரண்டு வி.சி.ஆர்.களை இணைத்து, ‘ஸ்டார் பிளேசர்ஸ்’ என்ற விண்வெளிப் போர் அனிமே தொடரின் வன்முறைக் காட்சிகளாகப் பொறுக்கி எடுத்து பீட்டில்ஸின் ‘ஆல் யூ நீட் இஸ் லவ்’ பாட்டோடு சேர்த்தார். முதல் ஏஎம்வி என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். படத்தில் சண்டை, பாட்டில் அன்பு. இரண்டையும் சேர்த்த அந்தச் சேர்க்கைதான் அவருடைய படைப்பு.

இந்தச் சேர்க்கையைச் சொல்ல நம்மிடம் ‘இசை’ என்ற வேர் தயாராகவே இருக்கிறது. இசைதல் என்றால் பொருந்துதல், இசைத்தல் என்றால் பாடுதலும் உண்டு, பிணைத்தலும் உண்டு. எனவே என் பரிந்துரை ‘அனிமே இசைப்பு’. செய்பவர் ‘இசைப்பாளர்’. ‘தொகுப்பாளர்’ என்றால் டிவியில் நிகழ்ச்சி நடத்துபவர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார், அதனால் அது வேண்டாம். ‘அனிமே’வை அப்படியே வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு: பல போட்டிகளில் காட்சிகள் பெரும்பாலும் ஜப்பானிய அனிமேயாக இருக்க வேண்டும், வீடியோ கேம் காட்சிகளுக்கு வரம்பு உண்டு. ‘அசைபடம்’ என்று எழுதினால் உலகத்துக் கார்ட்டூன் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

அடுத்தது ‘தகுதி விதிகள்’. இதை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். நடுவராக இருப்பவர் பரிசுக்குப் போட்டியிடக் கூடாது என்பது ஆளைப் பற்றியது. சப்டைட்டில் இருக்கக் கூடாது, டிவி சேனலின் லோகோ தெரியக் கூடாது, எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போடும் நீர்க்குறி இருக்கக் கூடாது என்பதெல்லாம் படைப்பைப் பற்றியது. முதலாவதற்குத் ‘தகுதி’ சரி. இரண்டாவதற்கு ‘ஏற்பு விதி’ என்று வைப்போம். ராப்பகலாக உட்கார்ந்து செய்து அனுப்பிய ஒரு பிள்ளைக்கு ‘உங்கள் காணொளி தகுதியற்றது’ என்று பதில் போனால், மட்டமாக இருக்கிறது என்றுதான் அது படும். மூலையில் ஒரு லோகோ இருந்ததுதான் குற்றம் என்றால் ‘ஏற்பு விதி 3இன்படி ஏற்பதற்கில்லை’ என்று சொன்னால் போதும், லோகோ இல்லாத பிரதியில் மறுபடி செய்து அனுப்புவார்.

சப்டைட்டிலில் இன்னொன்று. தேவையில்லாதபோது அணைத்துவிடக்கூடியது ஒரு வகை, படத்தோடு ஒன்றாகிவிட்டது இன்னொரு வகை. போட்டியில் தொல்லை இரண்டாவதுதான், பெரிய திரையில் பாட்டு ஒன்று சொல்ல கீழே வேறு வசனம் ஓடினால் கண் அங்கேதான் போகும். அதற்குப் ‘பொறித்த சப்டைட்டில்’ என்று தரலாம், வலிந்து தமிழாக்க வேண்டியதில்லை.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுவது, உறுதிமொழி வாசகம். நம் பத்திரிகைச் சிறுகதைப் போட்டிகளில் பார்த்துப் பழகிய ‘என் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல, வேறெங்கும் வெளிவராதது’ என்பதை யாரோ முந்தைய மடலில் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். இங்கே அது பொய்ச் சத்தியமாகிவிடும், எல்லாமே இரவல் வாங்கிய காட்சிதானே! ஆனால் சொந்த உழைப்பு இல்லை என்றும் ஆகாது. அனிமேயில் வாய் பெரும்பாலும் மூன்றே நிலைகளில் வரையப்பட்டிருக்கும்: மூடியது, பாதி திறந்தது, திறந்தது. ஜப்பானிய வசனத்துக்கு அசையும் அந்த வாயை ஓர் ஆங்கிலப் பாட்டின் அசைகளுக்கு ஒத்துவர வைக்க, ஒவ்வொரு ஃபிரேமாக வெட்டி, நிறுத்தி, திருப்பிப் போட்டு, சில சமயம் வாயை மட்டும் வேறொரு ஃபிரேமிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். இரண்டு ஃபிரேம் பிந்தினாலும் பார்ப்பவருக்கு உறுத்தும். அதனால் நான் எழுதிப் பார்த்தது இது:

‘இதிலுள்ள காட்சிகளும் பாடலும் அவற்றின் உரிமையாளர்களுடையவை. தேர்வும் வெட்டும் கோர்ப்பும் என்னுடையவை. பிறர் செய்த இசைப்பிலிருந்து எதையும் எடுக்கவில்லை.’

கடைசி வரியை யாரும் நீக்கச் சொல்லாதீர்கள். இன்னொரு இசைப்பாளர் செய்ததைத் தன் பெயரில் அனுப்புவதைத் தடுக்க அந்த ஒரு வரிதான் இருக்கிறது.

‘வேறெங்கும் வெளிவராதது’ மட்டும் இன்னும் முடியவில்லை. சில போட்டிகள் இணையத்தில் ஏற்றியதையே ஏற்பதில்லை, சில வேறு போட்டியில் பரிசு வாங்கியதை மட்டும் தள்ளுகின்றன. முதலாவதற்கு ‘புதுத் திரையிடல்’ வைத்திருக்கிறேன், இரண்டாவதற்கு ஒரு சொல் தேவை. ‘பரிசு பெறாதது’ என்றால் மட்டமானது என்ற பொருள் வந்துவிடுகிறது. யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.