புதுப்பிப்பு: ரேடியேஷன் கேட்குமான்னு முன்னாடியே சொல்லும் டெஸ்ட் – அப்பாவுக்கு எது உதவியது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு நாக்கின் அடிப்பகுதியில், அதாவது தொண்டையோடு சேரும் பின்பகுதியில் புற்று. ரேடியேஷனுக்கு முன் மரபணு டெஸ்ட் எடுக்கணுமான்னு ஜனவரியில் கேட்டிருந்தேன்.

பல மரபணுக்களை ஒண்ணா பார்க்கும் பெரிய பேனல் எதுவும் எடுக்கலை. "பயாப்ஸி பிளாக்கிலேயே பி16 பாருங்க"ன்னு (ஏற்கெனவே எடுத்து மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டுதான் பிளாக்) ஒருத்தர் சொன்னதுதான் கை கொடுத்தது. பாசிட்டிவ். இது மரபணு டெஸ்டே இல்லை, பி16 என்பது ஹெச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸின் தடயமான ஒரு புரதம். வைரஸின் இ7 புரதம், செல் பெருகுவதைத் தடுக்கும் ஆர்பி புரதத்தை முடக்குவதால் பி16 ஏறுகிறது. 2010-இல் வந்த அமெரிக்க ஆய்வில், இதே பகுதிப் புற்றில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வைரஸ் உள்ளவர்களில் 82.4%, இல்லாதவர்களில் 57.1%.

எதிர்பாராதது: பாசிட்டிவ்னா டோஸ் குறையும்னு நம்பியிருந்தேன். டாக்டர் மறுத்துட்டார். 60 கிரேயாகக் (கிரே என்பது ரேடியேஷன் அளவின் அலகு) குறைத்துப் பார்த்த ஆய்வில் 70 கிரே அளவுக்குப் பலன் வரலையாம். ஆக 35 சிட்டிங், முழு 70 கிரே, கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. ஐந்தாவது வாரம் கஞ்சிகூட இறங்கலை, அது தனிக் கதை.

முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த பெட் ஸ்கேன் சுத்தம். வாய் வறட்சி மட்டும் இன்னும் விடலை.

தேடி வருபவர்களுக்கு: பி16 தொண்டையின் இந்தப் பகுதிக்குத்தான். கன்னம், நாக்கின் முன்பகுதிப் புற்றுக்கு இதை வைத்துக் கணிக்க முடியாது.